உள்ளே இருப்போர்: 1

என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் தோல் இன்னும் சரியாக வளரவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. நான் கட்டுக்கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பாண்டிச்சேரி உழவர்கரைக்கு வாருங்கள், விரலைக் காட்டுகிறேன். நடந்தது நடந்தபடி சொல்கிறேன். நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். எல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறது.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கடை கிடையாது, ஒரு ஸ்கூட்டியும் ஒரு பையும்தான். பேய் பிசாசுக்கெல்லாம் பயந்த குடும்பம் இல்லை எங்களுடையது. அப்பா மில்லில் இருபத்தாறு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். "பேய்க்குப் பயப்படாத, சூப்பர்வைசருக்குப் பயப்படு" என்பார். நான் இரண்டு பேருக்குமே பயந்ததில்லை, போன மே மாதம் வரை.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஓர் இறால் கம்பெனி. பெயர் வேண்டாம். இறாலை உரித்து, பெட்டியில் அடுக்கி, ஃப்ரீசர் ரூமில் வைத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். உள்ளே மைனஸ் இருபது டிகிரி. அந்த அறையின் கதவு, லைட், ஆபத்து மணி, ஆட்கள் வந்து போகும் பதிவு எல்லாம் ஒரே ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் டிஸ்க் கரகரவென்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் கோவிந்தசாமி போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம ஆளு இருக்காது. வந்து புதுசுல மாத்திக் குடுத்துடு. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு லோடு போவணும். முடியலன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வணக்கம் கிடையாது, சவுக்கியமா கிடையாது. அந்த மனிதரின் வாய்க்கே நான் போயிருக்கக் கூடாது. ஆனால் எனக்கிருந்த ஒரே நிரந்தர இடம் அதுதான். போனேன்.

அந்த ஃப்ரீசர் ரூமுக்கு ஒரு சட்டம் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் விரல் வைக்கும் மெஷின் இருக்கும். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை விரல் வைக்க வேண்டும். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு. 'உள்ளே இருப்போர்' என்று எழுதி, பக்கத்தில் எண் எரியும். அது பூஜ்யம் ஆகாமல் யாரும் கம்பெனியைப் பூட்டக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்கு உள்பக்கச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. இதெல்லாம் எனக்கு முதல் நாளே காட்டினார்கள். ஏன் வைத்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் இயக்கும் மென்பொருளில் பாதியை அங்கே முன்பு வேலை பார்த்த செம்மல் என்பவர்தான் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் இன்னும் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. சுத்தமான வேலை. "யாரு சார் செம்மல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருந்தான். வுட்டுட்டுப் பூட்டான்" என்றார் கோவிந்தசாமி.

ஞாயிறு காலை 11:40க்குப் போய்ச் சேர்ந்தேன். பாண்டிச்சேரிக்கு வந்த கூட்டமெல்லாம் பீச் ரோட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தட்டாஞ்சாவடியில் ஈ காக்கை இல்லை. ஷட்டர் எல்லாம் இறங்கி, ரோடு கானலில் நெளிந்தது. வாட்ச்மேன் சின்னக்கண்ணு கேட்டருகில் மொட்டை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி ஃப்ரீசர் ரூம் சுவரோரம் ஜில்லென்று நிழல் இருந்தது. அங்கே போகாமல் அந்த மனிதர் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

"நிழல்ல உக்காரலாமில்ல ண்ணா?"

"இங்கயே நல்லாருக்குதுமா" என்றார்.

நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

என் வேலை இவ்வளவுதான். லினக்ஸில், போட்டிருக்கும் மென்பொருள் எல்லாவற்றின் பெயரையும் ஒரே பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலைப் புதுக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், மளிகை லிஸ்ட்டைக் கடைக்காரரிடம் கொடுத்த மாதிரி, அதுவே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். லிஸ்ட்டில் உப்பு எழுதவில்லை என்றால் உப்பு வராது. அதேபோல, வருவது மென்பொருள் மட்டும்தான். பழைய கம்ப்யூட்டரில் பதிந்திருந்த ஆட்கள், அவர்களுடைய விரல் ரேகை, எதுவும் வராது. அதைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

12:05. பழைய கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். 1,412 வரிகள். பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

12:11. கோவிந்தசாமி போன். "ஆச்சா?"

12:18. கோவிந்தசாமி போன். "இன்னும் இன்னா பண்ணிக்கினுகீற?"

12:20. புதுக் கம்ப்யூட்டரில் பட்டியலைக் காப்பி செய்து, மறுபடியும் எண்ணினேன். 1,409.

மூன்று வரி குறைந்தது. பட்டியல் தானாகக் குறையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் எந்த மூன்று என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேறு யார் செய்திருந்தாலும் நான் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஆனால் போன் மறுபடியும் அடித்தது. எரிச்சலில் 'ஆயிரத்து நானூறில் மூணு போனால் குடியா முழுகிப்போகும்' என்று ஓட விட்டுவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

நெட்டுக்காக என் போனைப் புதுக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தேன். திரையில் பெயர்கள் மடமடவென்று ஓடின. 12:51க்கு முடிந்தது. கதவு, விரல் மெஷின் இரண்டின் கேபிளையும் பிடுங்கிப் புதியதில் செருகினேன். சோதனைக்காக என் ஆள்காட்டி விரலைப் பதிவு செய்தேன். இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்.

கதவுக்கு மேலே போர்டு எரிந்தது.

உள்ளே இருப்போர்: 1.

பூஜ்யம் என்றுதான் இருந்திருக்க வேண்டும். புது மெஷின், காலிப் பதிவு, பூட்டிய ஞாயிற்றுக்கிழமை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். 1. கேபிளைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் 1. கோவிந்தசாமிக்கு நானே போன் போட்டேன்.

"சார், உள்ள ஒரு ஆள் இருக்கறதா காட்டுது."

எப்போதும் கத்துகிற மனிதர் குரலைத் தாழ்த்தினார்.

"எவனும் இல்ல. நீ ஒரு தடவ உள்ள போயி வந்து விரல் வை. சரியாப் பூடும்."

"சார்..."

வைத்துவிட்டார்.

கொக்கியில் கனமான ஜெர்க்கின் தொங்கியது. ஒரு நிமிட வேலைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். பருத்தி சுடிதார், ரப்பர் செருப்பு. ஆனால் நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கதவைத் திறந்து, அது மூடாமலிருக்க என் ஹெல்மெட்டை இடுக்கில் வைத்தேன். விரல் வைத்தேன். மெஷின் 'பீப்' என்றது. போர்டில் 2.

நேரம் 12:58.

உள்ளே லைட் எரியவில்லை. ஆள் நுழைந்தால் தானாக எரிய வேண்டியது. ஏதோ வயரை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பெட்டிகள் தெரிந்தன. மூச்சு வெள்ளையாக வந்தது. நாலு அடி வைத்து எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

திரும்பினேன்.

ஹெல்மெட்டைக் காணோம்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. ஓடினேன். கை படுவதற்குள் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

கும்மிருட்டு.

சுவரைத் தடவிப் பச்சைப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடியும். மறுபடியும்... பொத்தான் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. கதவு அசையவில்லை. பக்கத்தில் ஆபத்து மணியின் கயிறு இருந்தது. இழுத்தேன். மணி அடிக்கவில்லை.

அந்தக் குளிரிலும் எனக்குப் புரிந்துவிட்டது. பொத்தான். லைட். மணி.

மூன்று வரிகள்.

போன் வெளியே மேசைமேல். சின்னக்கண்ணு கேட்டருகே. அரையடி கனத்துக்குச் சுவர். கத்தினேன். கோவிந்தசாமியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக் கத்தினேன். என் குரல் பெட்டிகளைத் தாண்டவில்லை.

நான் உயிரோடு வெளியே போக வேண்டும். என் மகள் பூர்ணிமாவை நாலு மணிக்கு டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். அதை மட்டும் நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பொத்தானைச் சுற்றி இரும்புத் தகடு. ஒரு கட்டத்தில் விரல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். தோல் அங்கேயே நின்றுவிட்டது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது கேட்டது.

டொக்... டொக்... டொக்.

வெளியிலிருந்து இல்லை. எனக்குப் பின்னாலிருந்து.

அறையின் கடைசியில், பெட்டிகளுக்குப் பின்னால், யாரோ சுவரைத் தட்டினார்கள்.

"யாரு?"



டொக்... டொக்... டொக்.

கொஞ்சம் கிட்டே.

ஐஸ் மேல் ஷூ நடக்கிற சத்தம். சரக்... சரக்... அவசரமே இல்லாத நடை.

கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

சத்தம் நின்றது.

என் கழுத்தில் மூச்சு பட்டது. மைனஸ் இருபதில்... அந்த மூச்சு சுடச்சுட இருந்தது.

"எவ்ளோ நேரம் தட்டறது..."

ஆண் குரல். கோபம். எனக்காகவே காத்திருந்த கோபம்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் கட்டையாக, மடங்காமல் இருந்தன. உதறினேன். விடவில்லை. கதவிலிருந்து என்னைப் பின்னால் இழுத்தது. செருப்பு வழுக்கியது. விழுந்தேன்.

என்மேல் ஏதோ குனிந்தது.

"நான் போறேன்..."

காதுக்குள் சொன்னது.

"நீ இரு."

டக்.

கதவு திறந்தது.

வெளிச்சம். வெயில். தவழ்ந்தேனா, நடந்தேனா தெரியாது. வெளியே வந்து நின்றேன். ஓட வேண்டும். ஓடவில்லை. என் வலது கை தானாக உயர்ந்து, தோல் உரிந்த விரலை மெஷினில் வைத்தது. நான் வைக்கவில்லை. சத்தியமாக நான் வைக்கவில்லை.

பீப்.

அந்த விரலை மெஷின் படித்திருக்கவே கூடாது. ரேகையே இல்லை, ரத்தம்தான் இருந்தது. ஆனால் போர்டில் எண் மாறியது.

உள்ளே இருப்போர்: 1.

மேசையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் என் ஹெல்மெட் இருந்தது. வார் மாட்டியபடி, ஒழுங்காக. போனில் கோவிந்தசாமியின் ஏழு அழைப்புகள். மணி 1:31.

கேட்டுக்கு ஓடினேன். சின்னக்கண்ணு டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"ரூமுக்குள்ள பூனியா?"

"நீங்க உள்ள வந்தீங்களா? ஹெல்மெட்ட எடுத்தீங்களா?"

"நானா? ரெண்டு வருசமா நான் அந்தப் பக்கமே போறதில்லமா."

அப்புறம்தான் சொன்னார். செம்மல் வேலையை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரல் மெஷினைச் சோதிக்கத் தனியாக வந்திருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே பொத்தான் கிடையாது, லைட் கிடையாது, மணி கிடையாது. பொத்தான் வேண்டும் என்று அவரே பல தடவை கேட்டிருக்கிறார். போர்டில் 1 என்று எரிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"திங்கக்கெழம காலைல தெறந்தாங்க. கதவுல கைய வெச்ச மேனிக்கி இருந்தான். தட்டித் தட்டி விரலெல்லாம் போயிருந்திச்சி. அதுக்கப்பறம்தான் அந்த மூணையும் வெச்சாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம். அங்கேயே நின்று கோவிந்தசாமிக்குப் போன் போட்டேன்.

"செம்மல் செத்துட்டாருன்னு ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்பியா?" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் அப்படியே இருந்தது. 1,412 வரிகள். நான் எடுத்தது சரியான பட்டியல்தான். புதுக் கம்ப்யூட்டருக்குப் போனது மட்டும் வேறு. அது அந்த மூன்றையும் வைப்பதற்கு முன், செம்மல் உள்ளே போன அன்றைக்கு இருந்த பட்டியல்.

திங்கள் காலை ஆறு மணிக்கு இறால் உரிக்கும் பெண்கள் அந்த அறைக்குள் போவார்கள். அதற்காக மட்டும் 5:20க்குப் போனேன். எனக்காக மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்த சின்னக்கண்ணுவோடு இரண்டு லோடுமேன்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடுபட்ட மூன்றையும் போட்டேன். லைட் எரிந்தது. மணி அடித்தது. பொத்தானை ஒரு லோடுமேன் உள்ளே போய் அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது. பொத்தானைச் சுற்றியிருந்த தகட்டில் என் தோல் ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள் என்றேன்.

"ஒண்ணுமில்லயேக்கா. சுத்தமாத்தான் கீது" என்றார்.

அவர் வெளியே வந்த பிறகும் போர்டில் 1.

கடைசியாக வருகைப் பதிவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே வரிகள்.

செந்தமிழ்ச்செல்வி. உள்ளே, 12:58.

செம்மல். வெளியே, 1:31.

அந்தக் கம்ப்யூட்டரில் செம்மல் என்று ஓர் ஆளே கிடையாது. நான் பதியவில்லை, பழையதிலிருந்து எதையும் கொண்டுவரவும் இல்லை. தேடிப் பார்த்தேன். ஆட்கள் பட்டியலில் என் பெயர் ஒன்றுதான். என் பெயருக்கு நேரே வெளியே வந்த நேரம் காலி.

விரலை மறுபடி வைத்துப் பார்த்தேன். மெஷின் என்னைத் தெரியாது என்றது.

இரண்டு மாதம் ஆகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பூர்ணிமாதான் ஒன்று சொல்கிறாள். எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும், அம்மா உள்ளே இருந்து மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் வருகிறாள் என்று. எனக்கு அப்படித் தட்டியதாக ஞாபகமே இல்லை.

போர்டில் அந்த 1 இன்னும் எரிகிறது. எண் பூஜ்யம் ஆகாததால் கம்பெனியைச் சட்டப்படி பூட்ட முடியவில்லை. என் பெயர் இருக்கும் வரியை எடுத்துவிடச் சொல்லிக் கோவிந்தசாமி தினமும் போன் செய்கிறார்.

"ஒரே ஒரு வரிதானமா. அழிச்சிட்டுப் போயேன்."

ஒரே ஒரு வரிதான். அழித்தால் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.